சேதுநாச்சியைப் பார்க்க வந்த ஆறும் கடலும்

நரியனேந்தலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சேதுநாச்சிக்குப் பெயிண்ட் கம்பெனியிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு படிவம் வந்தது. கடல் கப்பலா ஆற்றுக் கப்பலா, எதில் சுற்றுலா போக விருப்பமோ அதற்கு எதிரே டிக் அடித்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் பிடித்து அனுப்பவும் என்று அதில் எழுதியிருந்தது. படிவம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வடக்கே ரொம்பத் தொலைவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆறு கடைவீதி வழியாக வந்து அவள் கடைக்கு முன்னால் நின்றது. அந்த ஆற்றின் பெயர் இங்கே வேண்டாம், அதற்கும் மானம் மரியாதை உண்டு.

ஆறு வந்த விதத்தை நரியனேந்தல் இன்றைக்கும் மெச்சிப் பேசுகிறது. தெருவின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு, ஒரு கடைப்படியையும் நனைக்காமல், மருந்துக்கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களை இடிக்காமல், முக்குரோட்டில் பரமக்குடி பஸ் திரும்பி முடிக்கும்வரை ஓரமாக ஒதுங்கி நின்று, பிறகு மெல்ல நகர்ந்து வந்து, வெயில் விழுந்துகொண்டிருந்த இடமாகப் பார்த்துப் பேசாமல் நின்றது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கடைவீதி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கிழக்கு ரோட்டிலிருந்து கடல் வந்தது. கடல் பெரியது, முழுதாக நுழைந்தால் ஊர் என்று ஒன்று மிஞ்சாது என்பது அதற்கே தெரிந்திருந்ததால், தன் ஓரத்தை மட்டும் கொண்டுவந்திருந்தது. சனிக்கிழமைதோறும் கூடும் வாரச்சந்தையின் திடல் அன்றைக்குக் காலியாகக் கிடக்க, தகரக் கொட்டகைகளுக்கு நடுவே அலையை மடக்கி வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தது.

ஏன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தவர்களிடம் காரணம் கேட்பதற்கு முன்னால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மூன்று வருஷம் சேர்ந்தாற்போல மழை பொய்த்தாலும் அந்த வழக்கம் பொய்க்காது. நாச்சியின் மதினி மீனாள், இறந்துபோன அண்ணனின் பெண்டாட்டி, கடைக்கு மேலே மாடியில் நாச்சியோடு ஒரே உலையில் பொங்கித் தின்கிறவள், பழக்கதோஷத்தில் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு இறங்கி வந்து ஆற்றின் முன்னால் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. நீட்டிய செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது மரியாதை இல்லை. லாரி வரும்போது முட்டி மோதிப் பிடித்து வைத்த தண்ணீர் அது, அதை மீனாள் ஆற்றில் ஊற்றினாள், ஆறும் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஊரில் உண்டு, சிரிக்கும்போதே அவர்கள் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். ஓர் ஆற்றுக்கே தாகத்துக்குக் கொடுத்த ஊர் வேறு எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்பார்கள்.

இத்தனைக்கும் காரணமான சேதுநாச்சிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வாசல் நிலையில் குனிந்து வருகிற உயரம், நெற்றியில் ஒரே ஒரு குங்குமக் கோடு, விரல் நகங்களுக்குள் எப்போதும் ஏதாவது ஒரு கலர். ஏழு மாவட்டத்திலும் அந்தக் கம்பெனிப் பெயிண்டை அதிகமாக விற்றவள் அவள்தான், அதற்குத்தான் கப்பல் சுற்றுலா. பக்கத்து ஊர்க் கடைக்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை, ஏனென்றால் நாச்சி விற்றதைவிட விற்க மறுத்ததுதான் அதிகம். யாராவது வந்து பச்சை கேட்டால், "பச்சை வேணாம்ண்ணே. உங்க வீடு மேக்க பாத்தது. ஆறு மாசத்துல வெளுத்து, பாசி புடிச்ச மாதிரி ஆயிரும். அடுத்த பொங்கலுக்கு என்னையத்தான் வையிவீக," என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் அவள் ஒருவரையும் படி இறங்க விட்டதில்லை. கேட்டுப் போனவர் தெருவுக்கே சொல்வார், தெரு முழுக்க நாச்சி கடைக்கு வரும். இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, அவளால் வேறு மாதிரி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் தன்னைச் சரிசெய்துகொண்டது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்து நீளமும் அகலமும் காலடியால் அளந்து, 'கடைவீதியில் ஆறு ஒன்று, சந்தைத் திடலில் கடல் ஒன்று, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார். டவுன் பஸ் பள்ளிவாசல் தெரு வழியாகத் திருப்பி விடப்பட்டது. எதிர் வரிசைக் கடைக்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆகிவிட்டதால், சில்லறை மாற்ற வேண்டும் என்றால் ஒரு தாம்பாளத்தில் வைத்து மிதக்க விட்டார்கள், ஆறு அதை ஆடாமல் அசையாமல் எடுத்துப்போய்க் கொடுத்தது. சந்தைக் கமிட்டிக்காரர் மட்டும் சனிக்கிழமைக்குள் கடல் எழுந்துவிடுமா என்று நாசூக்காக விசாரிக்கப் போய், முழங்கால்வரை நனைந்து திரும்பினார்.

ஆனால் வந்த இரண்டு பேரிடமும் எப்படி நடந்துகொள்வது என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்தது கல்யாணத் தரகர் உடையப்பன். அக்குளில் குடை, தோளில் ஜாதகப் பை, எழுபத்தைந்து வயதிலும் ஒருவருடைய பிறந்த நட்சத்திரத்தையும் மறக்காத ஆள். ஆற்றை ஒரு தடவை பார்த்தார், நடந்துபோய்க் கடலை ஒரு தடவை பார்த்தார், திரும்பி வந்து கடைப்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார்.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு. பெண் பாக்குற விசயம்தான். ஒரே வித்தியாசம், வந்தவுக பாக்க வரல, பாக்கச் சொல்லி வந்துருக்காக. இந்தத் தடவை பாக்குறது நம்ம தாயி," என்றார்.

அவ்வளவுதான், ஊருக்குப் பிடி கிடைத்துவிட்டது. பெண் பார்க்கும் வைபவத்தில் யாருக்கு என்ன வேலை என்பது நரியனேந்தலில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆற்றுக்குக் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் போயின, கடலுக்கு உப்புக் குறைத்துத் தனியாகப் போட்ட பஜ்ஜி போனது. ஜமுக்காளம் விரித்து ஆற்றோரம் நாலு பெரியவர்கள் பேச்சுத் துணைக்கு உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் கூட்டம் கூட்டமாக வந்து மூக்கில் விரல் வைத்தவர்களிடம், ஊர்க்காரர்கள் ஒன்றும் நடக்காத முகத்தோடு, "ஆமா, எங்க நாச்சிய கேட்டு வந்துருக்காக. அவ இன்னும் ஒண்ணும் சொல்லல," என்றார்கள். அந்த 'எங்க நாச்சி'யை அவர்கள் அழுத்திச் சொன்ன விதத்தில், முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே வாய்கள் அவளைப் பற்றி என்ன பேசின என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாச்சிக்கு ஞாபகம் இருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்தொன்றுவரை, இதே உடையப்பன் அழைத்துவந்து, பதினொரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதினொரு தடவை கேசரி கிண்டி, பதினொரு தடவை காபித் தட்டோடு வந்து, பதினொரு தடவை நடக்கச் சொன்னால் நடந்து, பேசச் சொன்னால் பேசி, பாயில் உட்கார்ந்து கண்ணைத் தாழ்த்தி, எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் தன்னை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டு இருந்தாள். எல்லோரும் எழுந்திருக்கும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் சொல்லி அனுப்பாதது கூடப் பெரிதில்லை, சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருந்ததுதான் பெரிது. எந்த நாள் ஆள் வரும் என்று தெரியாது, வரும்போது பெண் வீட்டில் இல்லை என்று இருக்கக் கூடாது. அதனால் கல்லூரியில் கன்னியாகுமரி டூர் போனபோது நாச்சி போகவில்லை, மதுரையில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இடம் கிடைத்தபோது போகவில்லை, கூடப் படித்தவள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடிக்குப் போகவில்லை. அப்பாவின் அஸ்தியோடு ஒரே ஒரு தடவை ராமேஸ்வரம் போனாள், கூட்டத்துக்கு நடுவே குனிந்த தலையோடு மூழ்கி எழுந்து அன்றைக்கே திரும்பினாள். அதற்குப் பிறகு கடை, கடைக்குப் பிறகு கடை.

ஆக அந்தப் படிவம் அவளுக்கு வெறும் படிவம் இல்லை. எங்கே போவது என்று அவளை ஒருவர் கேட்டு, அவளே யோசித்து, அவளே பதில் எழுதிப் புறப்படுகிற முதல் பயணம் அது. அதை வேறு யாரும் தனக்காக டிக் அடித்துவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள். படிவத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதன்கிழமை விடிந்து கடை திறப்பதற்கு முன்னால் முதலில் ஆற்றங்கரையில் போய் நின்றாள். அழகான ஆறு, அதில் சந்தேகமே இல்லை. கரைத்த சந்தனத்தில் ஒரு சொட்டுப் பழுப்பு விட்டது போன்ற நிறம், அவளிடம் அதற்கு நம்பர் இருந்தது, மிஷினில் போட்டால் மூன்று நிமிஷத்தில் கலந்து கொடுத்துவிடுவாள். அவள் நிற்க நிற்க ஆறு அவளை ஏந்திக் காட்டியது. அவள் உயரம், அவள் நரை, குங்குமக் கோடு, எல்லாம் தண்ணீரில் தெளிவாகத் தெரிந்தன. எதிர்க்கரையில் பாத்திரக்கடைக்காரர் குடும்பத்தோடு நின்று அவள் ஆற்றைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், இந்தக் கரையில் ஜமுக்காளத்துப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்தைத் திடலுக்கு நடந்தாள்.

கடல் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது. வெங்காய மண்டிக் கொட்டகைக்கு அடியில் ஒரு அலையை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தது. கொட்டகைகளுக்கு அப்பால், தாலுகா ஆபீஸும் புளியந்தோப்பும் இருக்க வேண்டிய இடத்தில், எதுவும் இல்லாமல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அதன் நிறத்துக்கு அவளிடம் நம்பர் இல்லை. ஆயிரத்து எண்ணூறு கலர் இருக்கிற கார்டை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள், ஒன்று பொருந்துவதற்குள் அது வேறொன்றாக மாறியது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. தன் முகம் எப்படி இருக்கிறது, முந்தானை சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. கடைக்குத் திரும்பும்போது அவள் முடிவு செய்திருந்தாள், ஆனால் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அதே புதன்கிழமை மத்தியானம் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. ஆறு நிற்கிற இடத்தில் நிலத்துக்கு அடியில் அது கசியத்தானே செய்யும். முதலில் பிள்ளையார் கோயில் கிணறு, பிறகு ஹைஸ்கூல் அடிபம்பு, சாயங்காலத்துக்குள் மேலத்தெருவில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த கிணற்றிலேயே பழைய செருப்பும் பிளாஸ்டிக் பையும் மிதந்து மேலே வந்தன. தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தபோது குடத்தோடு ஒருவரும் வரவில்லை. பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. மீனாள் மதினி கூட்டிச் சேர்க்க, இருபது பேர் குளித்து முழுகி, ஆரத்தித் தட்டோடு ஆற்றங்கரைக்கு வந்து, திருஷ்டி சுற்றிப் போட்டு, வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குக் கொடுக்கிற மாதிரி மஞ்சள் குங்குமம் கொடுத்து, பன்னிரண்டு முழம் மல்லிகையையும் கனகாம்பரத்தையும் சேர்த்துக் கட்டிய சரத்தை ஆற்றின் தலையில் வைத்தார்கள்.

தவறு அங்கேதான் நடந்தது. வந்தவருக்குப் பூக்கொடுத்து அனுப்புவது ஒரு வழக்கம், பெண் பார்க்கிற இடத்தில் தலையில் பூவை வைப்பது வேறொரு வழக்கம். இரண்டாவதற்குப் பெயர் பூ வைத்தல், அதற்கு அர்த்தம் சம்மதம், முடிந்தது, இனி பின்வாங்குவதற்கில்லை. ஓடுகிற தண்ணீரில் போட்ட பூ நகர்ந்து போயிருக்க வேண்டும். அந்தச் சரம் நகரவில்லை. ஆறு தன் ஓட்டத்தையெல்லாம் அதற்கு அடியில் அடக்கிக்கொண்டு, வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. கரையில் இருந்த இருபது பெண்களுக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது, இருபது பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூ வைத்தது தெரியாமல் நடந்ததுதான். தெரிந்த பிறகு அதை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டது தெரியாமல் நடந்தது இல்லை.

வியாழக்கிழமை பேரூராட்சித் தலைவர் வில்வநாதன் கடைக்கு வந்தார். நாச்சியைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனுஷர், தேர்தலில் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி ஜெயித்து நாலு வருஷமாகக் கடைவீதியில் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தவர். அன்றைக்குத் தலை நிமிர்ந்து வந்தார்.

"அக்கா, ஆறுன்னே போட்ருங்க. பூ வேற வச்சாச்சு," என்றார்.

"நான் வைக்கல தம்பி."

"சரி, அது போகட்டும். ஆறுன்னும் போட வேணாம், கடல்னும் போட வேணாம். பதிலே போடாதீக. கம்பெனில நான் பேசுறேன், ஒரு மாசம் ரெண்டு மாசம் தவணை வாங்கிருவோம். நீங்க ஒண்ணும் சொல்லாத வரைக்கும் அது எங்கயும் போகாது. அது நிக்கிற வரைக்கும் நம்ம கிணத்துல தண்ணி. ஊருக்காகக் கேக்குறேன்க்கா, எனக்காக இல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று நாச்சிக்குத் தெரியும். தண்ணீர்க் குடத்தோடு நின்று நின்று முதுகு வளைந்த பெண்களை அவளும் தினம் பார்க்கிறவள்தான், அவளும் நின்றவள்தான். கடைக்கு வெளியே ஆறு தெரிந்தது. மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாமல், தலையில் வாடத் தொடங்கிய பூவோடு, வெயிலில், அவள் கடை வாசலையே பார்த்தபடி நின்றிருந்தது. எவ்வளவோ தூரத்தில் தன் படுகையை வெறுமையாகப் போட்டுவிட்டு வந்து, என்ன சொல்வார்களோ என்று அது காத்திருந்தது. அந்த நிற்பை நாச்சி அடையாளம் கண்டுகொண்டாள். வில்வநாதனுக்குத் தன் முகம் தெரியக் கூடாது என்று திரும்பிக் கலர் கார்டை எடுத்து அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் உடையப்பனைக் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொன்னாள். கடல்தான் என்றாள். உடையப்பன் குடையின் பிடியைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மீனாளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லது தாயி. பிரியப்பட்டது அதுன்னா அதுதான். ஆத்துக்கிட்ட நான் பக்குவமாச் சொல்லீர்றேன். நீங்க ஊருக்குப் போங்க, பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்னு சொன்னா மரியாதையாப் போயிரும். நாளப்பின்ன பகையும் வராது. நான் அம்பது வருசமாச் சொல்ற வார்த்தைதான் தாயி," என்றார்.

"தெரியும் தரகரய்யா. அந்த வார்த்தைய நான் பதினொரு தடவை கேட்டவ. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே போய்ச் சொல்றேன்."

"ஏ நாச்சி, ஊரே கரையில நிக்கிதுடி. நாலு பேருக்கு முன்னாடி இல்லேன்னு சொன்னா அதுக்கு எப்புடி இருக்கும்?" என்றாள் மீனாள்.

"சொல்லாம விட்டா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும் மதினி."

நாச்சி முகம் கழுவி, நகத்துக்குள் இருந்த கலரைத் தேய்த்து எடுத்து, நல்ல நாளைக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டாள். டிராயரைத் திறந்து படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கடைப்படி நாலும் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொன்னால் மேலிருந்து சொல்வது போல ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். கடைவீதி முழுக்க ஆள். இரண்டு பக்கக் கரையிலும் மாடிகளிலும் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரொம்பத் தொலவுல இருந்து என்னையத் தேடி வந்துருக்கீக. அதுக்கு முதல்ல கும்புட்டுக்கிறேன்," என்றாள் நாச்சி. "உங்களக் காக்க வைக்கிறது மரியாதை இல்ல. நான் கடலுக்குப் போறதா இருக்கேன். பூ வச்சது எங்க ஆளுக தப்பு, சம்மதம்னு நீங்க எடுத்துக்கிட்டதுல உங்க தப்பு எதுவும் இல்ல. எங்க எல்லாருக்கும் சேத்து நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

எங்கோ ஒரு மாடியில் யாரோ விம்முவது கேட்டது. அப்புறம் ஆறு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, பேசியது. அது பேசியது என்ன பாஷை என்று பிற்பாடு ஊரில் பெரிய விவாதம் நடந்தது. அன்றைக்குக் கேட்ட எல்லோருக்கும் புரிந்தது.

"என்கிட்ட என்ன குறை?" என்று ஆறு கேட்டது.

பத்தொன்பது வயதில் அந்தப் பாயில் உட்கார்ந்து, பின்பு கிணற்றடியில், பின்பு அடுப்படியில், பின்பு அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு சாயங்காலமும் நாச்சி மனதுக்குள் கேட்டது இதைத்தான். யாரிடம் கேட்பது என்று தெரியாததால் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. ஊர் பார்க்க, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதை அவள் துடைக்கவில்லை.

"ஒரு குறையும் இல்ல," என்றாள். "நல்லாக் கேட்டுக்கங்க, உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. உங்க மேல போனா ரெண்டு பக்கமும் கரை வரும். கரையில ஆளுக நின்னு பாப்பாக. நான் பாக்கக் குடுத்தது போதும். எனக்கு நாலு பக்கமும் ஒருத்தரும் இல்லாத எடத்துல நின்னு, நான் பாக்கணும். அது என் ஆசை. அதுக்கு நீங்க என்ன செய்வீக, கரை இல்லாம இருக்க உங்களால முடியாதுல்ல."

ஆறு யோசித்தது. நாலரை மணி பஸ் பள்ளிவாசல் தெருவில் ஹாரன் அடித்துப் போகும்வரை யோசித்தது. பிறகு அதன் முகத்தில், அப்படி ஒன்று இருந்தால், ஏதோ இறுக்கம் விட்டது. மூன்று நாளாகத் தாங்கியிருந்த பூச்சரத்தை மெல்லக் கொண்டுவந்து கடைசிப் படியில், அவள் காலடியில் வைத்தது. நாச்சி அதை எடுத்து, வாடியதைக் கிள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் திரும்ப நீட்டினாள்.

"இது வழியனுப்புற பூ. வெறுங்கையா அனுப்புற ஊரு இல்ல இது."

ஆறு வாங்கிக்கொண்டு புறப்பட்டது. சந்து வழியாகப் போயிருக்கலாம், யாரும் இல்லாத கண்மாய்க்கரை வழியாகப் போயிருக்கலாம். அது வந்த வழியே, கடைவீதியின் நட்டநடுவே, அத்தனை பேருக்கும் முன்னால் நிமிர்ந்து போனது. முதலில் ஒருவரும் நகரவில்லை. போகிறது ஆறு, கூடவே போகிறது கிணற்றுத் தண்ணீர், அது எல்லோருக்கும் தெரியும். அப்போது வில்வநாதன், அவரைவிட அந்த ஆற்றால் நன்மை அடைந்தவர் யாரும் இல்லை, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய், "வண்டிகளை எடுங்கப்பா, வழி விடுங்க, விருந்தாளி போறாக," என்று குரல் கொடுத்தார். குரல் உடைந்துதான் வந்தது. அவருக்குப் பின்னால் ஜமுக்காளத்துப் பெரியவர்கள் எழுந்தார்கள், பெண்கள் ஆரத்தித் தட்டை எடுத்தார்கள், தாம்பாளத்தில் சில்லறை அனுப்பிய கடைக்காரர்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள். ஊர் எல்லையில் பெயர்ப்பலகைவரை நரியனேந்தல் மொத்தமும் அந்த ஆற்றோடு நடந்துபோய், அது வடக்கு ரோட்டில் வளைந்து மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. நாச்சி அங்கேயே பெயர்ப்பலகைத் தூணில் படிவத்தை வைத்து டிக் அடித்தாள். ஐந்தடிக்க ஆறு நிமிஷம் இருந்தது. உடையப்பன் பிடித்துக்கொள்ள, மீனாள் மதினி தன் போனில் படம் எடுத்து அனுப்பினாள். சேதி தெரிந்ததும் கடல் எழுந்து, ஒரு கொட்டகைத் தகரம்கூடக் கழலாமல், தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஒன்பது நாளில் கிணறுகள் பழையபடி வற்றின, லாரி வந்தது, குடங்கள் வரிசையில் நின்றன. டீக்கடைக்காரர் ஒரு மாதம் நாச்சியோடு பேசவில்லை, வேறு இரண்டு பேர் அவள் காதுபடவே ஏசினார்கள். ஆனால் வெளியூர்க்காரர் யாராவது வந்து, கைக்கு எட்டின ஆற்றை விட்டுவிட்டீர்களே என்று நக்கல் செய்தால், அதே டீக்கடைக்காரர்தான் முதலில் பாய்ந்தார். "ஏமாத்தி நிப்பாட்டி வச்சுத் தண்ணி குடிக்கிற ஊரு நாங்க இல்ல," என்று அவர் சொன்னது அவருக்கே பிடித்துப்போய், பிறகு கேட்காதவர்களிடமும் சொன்னார். உடையப்பன் அந்தத் தையில் மூன்று வரன்களை அழைத்துவந்தார், மூன்று இடத்திலும் பெண் வீட்டார் காபி கொடுப்பதற்கு முன்னாலேயே, பிடிக்கிறதோ இல்லையோ எழுந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், இது நரியனேந்தல் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றில் ஒன்று அமைந்தது. அமையாத இரண்டு பெண்களும் மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள்.

மாசி மாதம் நாச்சி கப்பல் ஏறினாள். மூன்றாம் நாள் காலை, மேல்தளத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தபோது, அதே சுற்றுலாவில் வந்திருந்த விழுப்புரத்துப் பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"நீங்க நரியனேந்தல் அக்காதானே. ஒரு ஆறே வந்து கேட்டும் முடியாதுன்னு சொன்னது நீங்கதானா?"

"ஆமாய்யா," என்றாள் சேதுநாச்சி. "நேர்லதான் சொன்னேன்."

அவர் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு அவள் திரும்பிக்கொண்டாள். நாலு பக்கமும் கரை இல்லை.